சொந்த மனையை மீட்க மதகுருக்கள் முன் வழக்காடிய வக்கீல்: ரோமின் சிசரோ கதை

கி.மு. 57, செப்டம்பர் மாதக் கடைசி. ரோம் நகரின் மூத்த மதகுருக்கள் ஒரு வழக்கைக் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே நிற்பவர் அந்தக் காலத்தின் நம்பர் ஒன் வக்கீல். ஆனால், அன்றைக்கு அவர் வேறு யாருக்காகவும் பேச வரவில்லை. வழக்கு அவருடைய சொந்த வீட்டைப் பற்றியது.

அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அரசியல் எதிரி ஒருவர் அந்த வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டார். அதோடு விடவில்லை. காலி மனையின் ஒரு மூலையில் சுதந்திர தேவியின் சிலையை வைத்து, முறைப்படி பிரதிஷ்டையும் செய்துவிட்டார். இடித்த வீட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். சாமி குடியேறிய மண்ணில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த வக்கீல்தான் மார்கஸ் துல்லியஸ் சிசரோ. பாடப்புத்தகங்களில் பெரும் பேச்சாளர் என்று ஒரே வரியில் கடந்து போய்விடுகிற பெயர். ஆனால், ரோமில் அரசியலும் மதமும் வீட்டு வாசலும் எப்படி ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடந்தன என்பதைப் பார்க்க இவருடைய வாழ்க்கையைவிட நல்ல ஜன்னல் கிடையாது. காரணம், அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 900-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. வீட்டு வாடகை, மகளின் கல்யாணம், கடன் தொல்லை, எதிரி மேல் கடுப்பு எல்லாம் அதில் இருக்கிறது.

கொண்டைக்கடலை என்றொரு பெயர்

சிசரோ பிறந்தது கி.மு. 106 ஜனவரி 3 அன்று, ரோமுக்குத் தென்கிழக்கே மலைப்பாங்கான அர்பீனம் என்ற சிற்றூரில். வசதியான குடும்பம்தான். ஆனால், அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை ரோமின் செனட் சபையில் உட்கார்ந்ததில்லை. குடும்பப் பெயருக்கு மூலம், கொண்டைக்கடலையைக் குறிக்கும் லத்தீன் சொல். அரசியலுக்கு வரும்போது இந்தப் பெயரை மாத்திக்கோ என்று நண்பர்கள் சொன்னதாகவும், இதே பெயரைப் பெரிய பெயராக்கிக் காட்டுகிறேன் என்று அவர் மறுத்ததாகவும் வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். சிசிலியில் அதிகாரியாக இருந்தபோது கோயிலுக்கு ஒரு வெள்ளிப் பாத்திரம் கொடுத்தாராம். அதில் முதல் இரண்டு பெயர்களை எழுத்தில் பொறிக்கச் சொல்லி, மூன்றாவதுக்கு ஒரு கடலையின் படத்தைப் போடச் சொன்னாராம்.

அந்த சிசிலி வேலையிலிருந்து திரும்பும்போது நடந்த ஒரு விஷயத்தை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் நேர்மையாக வேலை பார்த்து, ரோமுக்குத் தானியம் அனுப்பி, ஊரே தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும் என்ற நினைப்போடு புத்தேயோலி துறைமுகத்தில் இறங்கினார். எதிரே வந்த ஒருவர், ரோமிலிருந்து எப்போது கிளம்பினீர்கள், அங்கே என்ன விசேஷம் என்று கேட்டார். அவர் ரோமில் இல்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவர் ஒரு முடிவெடுத்தார். ரோம்காரர்களுக்குக் காது மந்தம், கண் கூர்மை. எனவே, இனி தினமும் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

கண்ணில் படுவது அங்கே தனி வேலை. பெரிய மனிதரின் வீட்டு வாசல் விடியற்காலையிலேயே திறந்துவிடும். உதவி கேட்டு வருபவர்கள், கடமைப்பட்டவர்கள், வழக்கு இருப்பவர்கள் எல்லாம் வரிசையாக வந்து வணக்கம் வைப்பார்கள். பிறகு அந்தக் கூட்டம் தலைவரோடு சேர்ந்து ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்துக்கு நடந்து போகும். பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் செல்வாக்கின் அளவுகோல். எதிரே வருபவரின் பெயரைக் காதில் கிசுகிசுக்கவே ஓர் அடிமையை வைத்திருப்பார்கள். தேர்தலில் நிற்பவர் சுண்ணாம்பு தேய்த்துப் பளீரென்று வெளுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு கைகுலுக்கப் போவார். வெள்ளை என்று பொருள்படும் அந்த லத்தீன் சொல்லிலிருந்துதான் நாம் இன்றும் சொல்லும் கேண்டிடேட் வந்தது.

ஓட்டு போடுவது குடிமக்களான ஆண்கள் மட்டும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டு கிடையாது. கான்சல் தேர்தலில் வாக்காளர்களை 193 தொகுதிகளாகப் பிரித்து, பணக்காரர்களின் தொகுதிகளை முதலில் கூப்பிடுவார்கள். பெரும்பான்மை வந்ததும் வாக்கெடுப்பு முடிந்தது. ஏழைகளின் முறை பெரும்பாலும் வரவே வராது.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் பரம்பரைப் பெருமை இல்லாத ஓர் ஆள் மேலே வருவதற்கு வாய் ஒன்றுதான் வழி. கி.மு. 70-ல் சிசிலியைச் சுரண்டிக் கொழுத்த ஆளுநர் வெர்ரஸ் மீது சிசரோ வழக்கு நடத்தினார். தீவு முழுக்க அலைந்து 50 நாட்களில் சாட்சியம் திரட்டினார். அதைக் கேட்ட வெர்ரஸ், தீர்ப்புக்குக் காத்திருக்காமல் மசிலியா, அதாவது இன்றைய மார்செய் நகரத்துக்குக் கிளம்பிவிட்டார். சிசரோவின் பெயர் ஊரெல்லாம் பரவியது. கி.மு. 63-ஆம் ஆண்டுக்கு ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவி கிடைத்தது. புதுக் குடும்பத்துக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது சுமார் 30 வருடங்களுக்குப் பிறகு அப்போதுதான்.

ஐந்து பேரின் கழுத்து

அந்த ஒரு வருடம்தான் அவர் வாழ்க்கையின் உச்சம். பிறகு வந்த எல்லா வம்புக்கும் விதை விழுந்ததும் அதே வருடம்தான்.

தேர்தலில் திரும்பத் திரும்பத் தோற்ற கேட்டிலைன் என்ற பிரபு, கடன் தள்ளுபடி கோஷத்தோடு ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார். கோஷம் ஒன்றும் வெற்றுக் கோஷம் இல்லை. கடனில் மூழ்கியவர்கள் எல்லாத் தட்டிலும் இருந்தார்கள். நவம்பர் 8 அன்று ஜூபிடர் கோயிலில் செனட் கூடியது. கோயிலிலா என்று ஆச்சரியப்பட வேண்டாம். சகுனம் பார்த்துப் புனிதப்படுத்திய இடத்தில்தான் செனட் கூட முடியும். அங்கே கேட்டிலைன் உட்கார்ந்திருக்கும்போதே சிசரோ அவரைக் கிழித்துத் தொங்கவிட, அவர் நகரைவிட்டு வெளியேறி எட்ரூரியாவில் இருந்த தன் படையோடு சேர்ந்துகொண்டார். ரோமில் தங்கிவிட்ட கூட்டாளிகள் டிசம்பர் தொடக்கத்தில் கையும் கடிதமுமாக மாட்டினார்கள்.

அவர்களை என்ன செய்வது? அன்று இரவு சிசரோவால் சொந்த வீட்டுக்குள்கூட நுழைய முடியவில்லை. போனா டியா, அதாவது நல்ல தேவி என்ற தெய்வத்துக்கு வருடாந்திரப் பூஜை அவர் வீட்டில்தான் நடந்துகொண்டிருந்தது. உயர் பதவியில் இருப்பவரின் வீட்டில், அந்த வீட்டுப் பெண்மணி தலைமையில், வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகள் முன்னிலையில் நடக்கும் சடங்கு அது. ஆண் வாடையே கூடாது. சிசரோ பக்கத்து வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, அணைந்துபோன பலிபீடத்திலிருந்து திடீரென்று தீ கொழுந்துவிட்டு எரிந்ததாகவும், நல்ல சகுனம், துணிந்து செய்யச் சொல்லுங்கள் என்று பூசாரிகள் அவர் மனைவி டெரன்ஷியாவிடம் சொல்லி அனுப்பியதாகவும் புளூட்டார்க் சொல்கிறார். தெய்வச் செயலா, டெரன்ஷியாவின் செயலா என்பது வாசிப்பவர் விருப்பம்.

ரோமில் ஒரு சட்டம் இருந்தது. மக்கள் சபையின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் குடிமகனின் உயிரையும் எடுக்கக் கூடாது. கி.மு. 123-ல் கையஸ் கிராக்கஸ் அதை மறுபடி உறுதிப்படுத்தியிருந்தார். டிசம்பர் 5 அன்று செனட் விவாதித்தது. ஜூலியஸ் சீசர் எழுந்து, உயிரை எடுக்க வேண்டாம், சொத்தைப் பறித்து வெளியூர்களில் காவலில் வைக்கலாம் என்றார். கேட்டோ மரண தண்டனை வேண்டும் என்றார். கேட்டோவின் பக்கம் ஜெயித்தது. அன்று மாலையே ஐந்து பேரை நிலவறைச் சிறைக்கு இறக்கி, கயிற்றால் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. அவர்களில் ஒருவர் லென்டுலஸ் சூரா. அந்த வருடம் நீதிபதியாக இருந்தவர், முன்னாள் கான்சல். மார்க் ஆண்டனி என்ற இளைஞனின் மாற்றாந்தந்தை. இந்த உறவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே காத்திருந்த கூட்டத்திடம் செய்தியைச் சொல்லும்போது சிசரோ சாவு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. அபசகுனம் என்பதால், அவர்கள் வாழ்ந்து முடித்தார்கள் என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வினைச்சொல். காலமானார் என்று சொல்கிற மொழிக்காரர்களுக்கு இது புரியும்.

மக்கள் விளக்கேற்றி அவரை வீடுவரை அழைத்துப் போனார்கள். தாய்நாட்டின் தந்தை என்றார்கள். செனட் தன் பக்கம் நின்றதால் சட்டம் கேள்வி கேட்காது என்று சிசரோ நம்பினார். அந்த வருடக் கடைசி நாளிலேயே ஒரு டிரிப்யூன், அதாவது மக்கள் பிரதிநிதி, அவரைப் பேசவிடாமல் தடுத்தார். விசாரிக்காமல் கொன்றவருக்குப் பேச உரிமை இல்லை என்பதுதான் காரணம். அதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

35 லட்சத்துக்கு ஒரு வீடு

காதில் வாங்காமல் அவர் செய்த காரியம், வீடு வாங்கியது. கி.மு. 62-ல் பாலட்டைன் குன்றில், ஃபோரத்தைப் பார்த்த மாதிரி, பெரும் பணக்காரர் கிராசஸிடமிருந்து 35 லட்சம் செஸ்டர்ஸுக்கு வாங்கினார். பின்னாளில் சீசர் இரட்டிப்பாக்கிய பிறகும் ஒரு சிப்பாயின் வருடச் சம்பளம் 900 செஸ்டர்ஸ்தான். அந்தக் கணக்கில் இது கிட்டத்தட்ட 3,900 வருடச் சம்பளம். கையில் அவ்வளவு காசு ஏது? கடன்தான். கடன் தள்ளுபடி கேட்டவர்களை ஒடுக்கியவர், இப்போது இருக்கும் கடனுக்கு நானே எந்தச் சதியிலாவது சேரலாம் போல என்று நண்பருக்கு ஜோக்கடித்துக் கடிதம் எழுதினார். வீண் ஆடம்பரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விடியற்காலை வாசலில் கூட்டம் நிற்க வேண்டுமானால், அந்த வாசல் ஊர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

அதே வருடம் டிசம்பரில் போனா டியா பூஜை சீசர் வீட்டில். சீசர் அப்போது உயர் அதிகாரி, நாட்டின் தலைமை மதகுருவும்கூட. அந்தப் பதவியும் தேர்தலில் ஜெயித்து வாங்கியதுதான். பூஜை நடுவில், பாட்டுக்காரப் பெண் வேஷத்தில் ஓர் ஆண் பிடிபட்டான். பப்ளியஸ் கிளோடியஸ். பெரிய குடும்பம், இளரத்தம், சீசரின் மனைவி பொம்பேயாவோடு தொடர்பு என்று ஊர்ப்பேச்சு. சீசர் மனைவியை விவாகரத்து செய்தார். தீட்டுப்பட்ட சடங்கை முதலிலிருந்து மறுபடி நடத்தினார்கள்.

வழக்கு கி.மு. 61-ல் வந்தது. அன்றைக்கு நான் ரோமிலேயே இல்லை, இன்டெரம்னாவில் இருந்தேன் என்றார் கிளோடியஸ். சிசரோ கூண்டேறி, அதே நாளில் ரோமில் அவர் தன் வீட்டுக்கு வந்துபோனதாகச் சாட்சி சொன்னார். பொய் தரைமட்டமானது. ஆனால், நடுவர்களுக்குப் பணம் பாய்ந்திருந்தது. 25-க்கு 31 என்ற கணக்கில் கிளோடியஸ் விடுதலையானார். விடுதலையான ஆள் அந்தச் சாட்சியை மறக்கவில்லை.

பழிவாங்க அவருக்கு டிரிப்யூன் பதவி தேவைப்பட்டது. அது சாதாரண வகுப்பாருக்கு மட்டுமே. கிளோடியஸோ உயர்குடி. வழி? தத்துப் போவது. கி.மு. 59-ல் கான்சலாக இருந்த சீசர், தலைமை மதகுரு என்ற முறையில் அதை நடத்திக் கொடுத்தார். சகுனம் பார்க்கும் ஆகர் குழுவின் உறுப்பினராகப் பாம்பி கூட நின்றார். அன்று நண்பகலில் நீதிமன்றத்தில் சிசரோ ஆட்சியாளர்களைக் குறை சொன்னதாகவும், மூன்று மணி நேரத்துக்குள் தத்தெடுப்பு முடிந்துவிட்டதாகவும் அவரே பொருமியிருக்கிறார். தத்துப் பிள்ளையைவிட அப்பாவுக்கு வயது குறைவு. சுமார் 20 வயதுதான்!

அந்த வருடத்து இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். சீசரின் சக கான்சல் பிபுலஸ் அவரைத் தடுக்க முடியாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சகுனம் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று தினமும் அறிவித்தார். சகுனம் பார்க்கப்படும் நாளில் சபை கூட்டக் கூடாது என்பது விதி. அதன்படி சீசர் அந்த வருடம் போட்ட பல சட்டங்கள் செல்லாது என்று வாதாடலாம். சீசர் கண்டுகொள்ளவே இல்லை. மத விதி யாருக்கு எப்போது பயன்படுகிறதோ அப்போது மட்டும் விதி.

தீயும் தண்ணீரும் இல்லாமல்

கி.மு. 58-ல் டிரிப்யூன் ஆன கிளோடியஸ், ரோமின் குடிமக்களுக்கு இலவசத் தானியம் கொடுத்து மக்களைத் தன் பக்கம் இழுத்தார். அடுத்து ஒரு சட்டம்: விசாரணையில்லாமல் குடிமகனைக் கொன்றவருக்குத் தீயும் தண்ணீரும் கிடையாது. ரோமில் நாடுகடத்தலை அப்படித்தான் சொல்வார்கள். சட்டத்தில் யார் பெயரும் இல்லை. தேவையும் இல்லை.

சிசரோ துக்க உடை உடுத்தித் தெருவில் இறங்கினார். கிளோடியஸின் ஆட்கள் சேற்றையும் கல்லையும் வீசினார்கள். பாம்பி சந்திக்க மறுத்தார். கிளம்பும் முன் சிசரோ, வீட்டிலிருந்த மினர்வா தேவியின் சிலையை எடுத்துப்போய் கேப்பிட்டல் குன்றின் கோயிலில் வைத்துவிட்டு, மார்ச் மாதம் ஊரைவிட்டுப் போனார். போன கையோடு பாலட்டைன் வீடு சூறையாடப்பட்டு எரிந்தது.

கிரேக்கப் பக்கம் தெசலோனிக்காவில் உட்கார்ந்து அவர் எழுதிய கடிதங்களில் பெரும் பேச்சாளர் யாரும் இல்லை. அழுது கண் வீங்கிய ஒரு நடுத்தர வயது மனிதர்தான் இருக்கிறார். குடும்பத்தைத் தாங்கியது டெரன்ஷியா. தன் சொத்தை விற்கக் கிளம்பிய மனைவியிடம், வேண்டாம், பையனுக்கு என்ன மிஞ்சும் என்று அவர் கெஞ்சுகிறார்.

மனையில் என்ன நடந்தது? கிளோடியஸ் பக்கத்து இடங்களையும் வளைத்து, 300 அடி நீளத் தூண் மண்டபத்தோடு ஒரு மாளிகை கட்டத் திட்டமிட்டார். அதில் ஒரு சிறு பகுதியை சுதந்திர தேவிக்கு ஒதுக்கினார். பிரதிஷ்டை செய்து வைத்தவர், குருக்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர், கிளோடியஸின் மைத்துனர். குடிமக்களைச் சட்டமில்லாமல் கொன்றவரின் வீட்டின் மேல் சுதந்திரத்தின் கோயில். அரசியல் செய்தியாகப் பார்த்தால் கூர்மையான ஐடியாதான். சிலையைப் பற்றி சிசரோ சொன்னது வேறு: அது கிரேக்கத்தின் தனக்ராவில் ஒரு தாசியின் கல்லறையில் இருந்து எடுத்து வந்த பொம்மை என்றார். எதிரி சொன்னது; அந்தத் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளலாம்.

காற்று திசை மாறியது. கிளோடியஸ் பாம்பியையும் சீண்ட ஆரம்பித்ததும் பாம்பி சிசரோவைத் திரும்பக் கூப்பிட வேலை செய்தார். கி.மு. 57 ஆகஸ்ட் 4 அன்று சட்டம் நிறைவேறியது. மறுநாள் சிசரோ பிரண்டிசியம் துறைமுகத்தில் இறங்கினார். கரையில் நின்றது மகள் துல்லியா. அன்று அவளுக்குப் பிறந்தநாள். சில மாதங்களுக்கு முன்தான் கணவரை இழந்திருந்தாள்.

தீர்ப்பு

ஆள் திரும்பிவிட்டார், மனை திரும்பவில்லை. விஷயம் பான்டிஃப் எனப்படும் குருக்கள் குழுவுக்குப் போனது. இவர்கள் முழுநேரப் பூசாரிகள் இல்லை. செனட்டில் உட்காரும் அதே அரசியல்வாதிகள்தான் இந்த ஆயுள்காலப் பதவியையும் வகித்தார்கள். தலைவர் சீசர் அப்போது காலில், இன்றைய பிரான்ஸில், போரில் இருந்தார்.

சிசரோ நீளமாகப் பேசினார். கிளோடியஸின் தத்தே செல்லாது, ஆகவே பதவி செல்லாது, ஆகவே சட்டம் செல்லாது என்று ஒரு நூல் பிடித்தார். பிரதிஷ்டை செய்த பையனுக்கு மந்திரமே வரவில்லை, நாக்கு குழறியது என்று ஏளனம் செய்தார். குழு இதற்குள் எல்லாம் போகவில்லை. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது: பிரதிஷ்டை செய்ய இன்னாருக்கு அதிகாரம் என்று மக்கள் சபை பெயர் சொல்லிக் கொடுத்ததா? கொடுக்கவில்லை என்றால், மனையைத் திருப்பித் தருவது தெய்வ குற்றம் ஆகாது. வம்பை வளர்க்காத, நல்ல தீர்ப்பு.

கிளோடியஸ் உடனே கூட்டம் போட்டு, தீர்ப்பு தனக்குச் சாதகம் என்று அறிவித்துவிட்டார். செனட்டில் முடிவெடுக்கவிடாமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பேசினார். பலிக்கவில்லை. வீட்டுக்கு 20 லட்சம், டஸ்குலம் பண்ணை வீட்டுக்கு 5 லட்சம், ஃபோர்மியே வீட்டுக்கு இரண்டரை லட்சம் செஸ்டர்ஸ் நஷ்டஈடு. ரொம்பக் கம்மி என்று சிசரோ புலம்பினார். நவம்பர் 3 அன்று கிளோடியஸின் அடியாட்கள் கட்டிட வேலைக்காரர்களை விரட்டியடித்து, பக்கத்திலிருந்த சிசரோவின் தம்பி குவின்டஸின் வீட்டுக்கும் தீ வைத்தார்கள். அடுத்த வருடம் லத்தீன் பகுதியில் விசித்திரச் சத்தம் கேட்க, குறி சொல்பவர்கள் புனித இடங்கள் களங்கப்பட்டதாகச் சொன்னார்கள். அது சிசரோவின் வீடுதான் என்றார் கிளோடியஸ். களங்கம் யார் செய்தது என்று போனா டியா இரவை ஞாபகப்படுத்தினார் சிசரோ.

இந்தச் சண்டை கி.மு. 52 ஜனவரியில் ஒரு வழியாக ஓய்ந்தது. அப்பியன் சாலையில், பொவில்லே அருகே, மைலோ என்பவரின் ஆட்கள் கிளோடியஸைக் கொன்றார்கள். ஆதரவாளர்கள் உடலைச் செனட் கட்டிடத்துக்குள் கொண்டுபோய் எரிக்க, கட்டிடமே சேர்ந்து எரிந்தது. விதவையான மனைவி ஃபுல்வியா, காயங்களைக் காட்டி அழுது கூட்டத்தைக் கொதிக்க வைத்தார்.

மகளுக்கு ஒரு கோயில்

இதற்கிடையே சிசரோ ஆகர் ஆகியிருந்தார். பறவை பறப்பதைப் பார்த்துத் தெய்வத்தின் சம்மதத்தைச் சொல்லும் உயர்ந்த பதவி. அதே மனிதர் பின்னாளில் குறி, சகுனம் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதில் இவை எதற்கும் அடிப்படை இல்லை என்று வாதாடினார். கூண்டில் பட்டினி போட்ட புனிதக் கோழிகள் தீனியைக் கொத்தினால் அதில் தெய்வச் செய்தி எங்கே இருக்கிறது என்று கேலி செய்தார். ஆனால், சடங்குகள் நாட்டுக்காகத் தொடர வேண்டும் என்பதும் அவர் கருத்து. பாசாங்கு என்று இன்று தோன்றலாம். ரோமில் மதம் என்பது நம்புவது அல்ல, செய்வது.

உள்நாட்டுப் போரில் பாம்பி பக்கம் நின்று தோற்றார். சீசர் மன்னித்தார். அரசியல் முடிந்துபோனது, வீட்டிலும் நிம்மதியில்லை. 30 வருடத்துக்கும் மேலான கல்யாணத்துக்குப் பின் டெரன்ஷியாவை விவாகரத்து செய்து, வயதில் மிகச் சிறிய பப்ளிலியாவை மணந்தார். கி.மு. 45 பிப்ரவரியில் துல்லியா, குழந்தை பெற்ற சில வாரங்களில் இறந்துபோனாள். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தாள்.

சிசரோ உடைந்துபோனார். அஸ்டூரா கடலோர வீட்டில், காலையில் அடர்ந்த காட்டுக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார். துல்லியாவின் சாவுக்கு இவள் சந்தோஷப்பட்டாள் என்ற எண்ணத்தில் புது மனைவியைக் கிட்டேயே சேர்க்கவில்லை. அந்தக் கல்யாணமும் முறிந்தது. அப்போது அவர் மனதில் ஒரே ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. நண்பர் அட்டிகஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். துல்லியாவுக்குக் கல்லறை வேண்டாம். கோயில் வேண்டும். கல்லறைக்கு அளவுக்கு மேல் செலவழித்தால் அதே தொகையைப் பொதுக் கருவூலத்துக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால், அதற்காக மட்டும் இல்லை என்று அவரே விளக்குகிறார். அவள் தெய்வமாக வேண்டும்.

இடம் எங்கே? தன் பண்ணை வீட்டிலேயே கட்டலாம். ஆனால், வீடு கைமாறும், வாங்கியவன் இடிப்பான் என்ற பயம் அவரை விடவில்லை. எத்தனை சொந்தக்காரர்கள் மாறினாலும், என்றென்றைக்கும் யாரும் கை வைக்க முடியாதபடி, புனிதமான மண்ணாகவே நிற்கும் ஓர் இடம் வேண்டும் என்று தேடினார். பிரதிஷ்டை செய்த மண்ணை மீட்க முடியும் என்று 12 வருடத்துக்கு முன் வாதாடி ஜெயித்தவர் அவர். கிளோடியஸ் தன் மனையில் செய்ய நினைத்ததையே இப்போது மகளுக்காகச் செய்ய நினைத்தார். அந்தப் பழைய வழக்கை இந்தக் கடிதங்களில் அவர் இழுக்கவில்லை.

டைபர் நதிக்கு அப்பால் தோட்டங்களைப் பார்த்தார். விலை எவ்வளவானாலும் பரவாயில்லை என்றார். ஒரு தோட்டம் ஏலத்துக்கு வரும் நேரத்தில், அந்தப் பக்கம் நகரத்தை விரிவாக்க சீசர் திட்டமிடுகிறார் என்ற செய்தி வந்தது. யோசனை அப்படியே நின்றுபோனது. கோயில் எழும்பியதற்கு எந்தத் தடயமும் இல்லை.

மறுபடியும் பட்டியல்

கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் கொல்லப்பட்டார். சதியில் சிசரோவைச் சேர்க்கவில்லை; கொன்ற பிறகு புரூட்டஸ் கத்தியைத் தூக்கிப் பிடித்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாடே கொந்தளித்த அடுத்த மாதம், புத்தேயோலியில் தன் வாடகைக் கடைகள் இரண்டு இடிந்து விழுந்ததையும், மற்றவை விரிசல் விட்டு, குடியிருந்தவர்கள் மட்டுமில்லாமல் எலிகள்கூடக் காலி செய்துவிட்டதையும் அட்டிகஸுக்கு எழுதி, அதற்கெல்லாம் கலங்கவில்லை என்கிறார். மாற்றி எழுப்பினால் லாபம்தானே!

62 வயதில் அவர் மீண்டும் களத்துக்கு வந்தார். எதிரி மார்க் ஆண்டனி. லென்டுலஸ் சூரா வளர்த்த பிள்ளை. ஆண்டனியின் மனைவி? கிளோடியஸின் விதவை ஃபுல்வியா. செப்டம்பர் 44 முதல் ஏப்ரல் 43 வரை ஆண்டனிக்கு எதிராக 14 உரைகள். எல்லாமே மேடையில் பேசியவை அல்ல. மிகக் கடுமையான இரண்டாவது உரை எழுத்தில் மட்டும் பரவியது. ஆண்டனியை அடக்க, சீசரின் வாரிசான 19 வயது ஆக்டேவியனைத் தூக்கிவிட்டார் சிசரோ. பையனைப் பயன்படுத்திக்கொண்டு ஓரங்கட்டிவிடலாம் என்பது கணக்கு. பையனின் கணக்கு வேறாக இருந்தது.

கி.மு. 43 நவம்பரில் ஆக்டேவியன், ஆண்டனி, லெபிடஸ் மூவரும் கைகோத்தார்கள். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியானது. பட்டியலில் இருப்பவரை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், தலைக்குப் பரிசு உண்டு. விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. சிசரோவை விட்டுவிடச் சொல்லி ஆக்டேவியன் இரண்டு நாள் போராடி, மூன்றாவது நாள் விட்டுக்கொடுத்தார் என்கிறார் புளூட்டார்க்.

டிசம்பர் 7. ஃபோர்மியே வீட்டிலிருந்து கடற்கரையை நோக்கி அடிமைகள் பல்லக்கில் தூக்கிப் போனார்கள். வீரர்கள் வழிமறித்தபோது அடிமைகள் சண்டைக்குத் தயாரானார்கள். சிசரோ பல்லக்கை இறக்கச் சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டினார். ஐந்து பேரை நிலவறைக்கு இறக்கிய அந்த நாளிலிருந்து 20 வருடமும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. தலையையும், அந்த உரைகளை எழுதிய கையையும் ஃபோரத்தின் பேச்சு மேடையில் மாட்டி வைக்க ஆண்டனி உத்தரவிட்டார். தலை அங்கே போகும் முன் ஃபுல்வியா அதை மடியில் வைத்து, நாக்கில் கொண்டை ஊசியால் குத்தினார் என்று டியோ என்ற பிற்கால வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

சிசரோவின் கடிதங்களும் உரைகளும் பாதுகாக்கப்பட்டதில் டீரோ என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற செயலாளர். சிசரோவின் மகன் மார்கஸ் கி.மு. 30-ல் ஆக்டேவியனோடு சேர்ந்து கான்சலானார். ஆண்டனியின் சிலைகளை அகற்ற செனட் முடிவெடுத்தது அவர் பதவியில் இருந்தபோதுதான்.

பாலட்டைன் குன்றின் வீடு சென்சோரினஸ் என்பவர் கைக்குப் போனது. ஆண்டனியின் ஆள். அவருக்குப் பிறகு அதில் குடியிருந்தவர் ஸ்டாட்டிலியஸ் சிசென்னா.